எழுபத்தொரு வீடுகளும் ஒரே பதிலும்

றக்வானைக்கு மேலே, கருங்கல்மலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் விஜயகலா அக்கா. போனதை விட, போய் என்ன படித்தார் என்பதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய கதை. டீச்சர் வேலைக்குத்தான் படிக்கிறார் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா படித்தது அரசியல் பொருளாதாரம்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"அரசியல்னா எலக்சன். பொருளாதாரம்னா காசு. ரெண்டையும் சேத்துப் படிச்சா? காசு குடுத்து எலக்சன் கேக்கப் போறியா புள்ள?"

"இல்ல தலைவரே, இது வேற."

"வேறன்னா என்னா வேற?"

அக்கா யோசித்திருக்கிறார். பஸ் வந்துவிட்டது. ஜன்னலால் தலையை நீட்டி, "வந்து சொல்றேன்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். தலைவர் சொன்ன விளக்கமும் முழுக்கப் பிழை இல்லை என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்தப் பாடத்தை அக்கா தேடிப் போய் எடுக்கவில்லை. பேராதனையில் முதலாம் வருடம் நேர அட்டவணையில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். பாறூக் சேர் என்ற விரிவுரையாளர் மூன்றாவது கிழமை, கூலி கிடைக்காத உபரி உழைப்பைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. அந்த அமைதியில் அக்கா ஒருவர் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"என்ன மகள் சிரிப்பு? நான் என்ன பகிடியா சொன்னேன்?" என்றார் சேர்.

அக்கா எழுந்து நின்றார். "இல்ல சேர். எங்க அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. நிறுவைல ஒவ்வொரு நாளும் சாக்குக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுவாங்க. அம்மா வீட்டுக்கு வந்து, 'ரெண்டு கிலோ சாக்குன்னா நான் என்னா நனஞ்ச யானையையா முதுகுல கட்டியிருக்கேன்'னு சத்தம் போடுவாங்க. அதுக்கு இவ்வளவு பெரிய பேரு இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

வகுப்பு முழுக்க விழித்துக்கொண்டது. பாறூக் சேர் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்துவிட்டு, "உங்கட உம்மா எனக்கு முன்னாடியே இந்த லெக்சர எடுத்திட்டாங்க" என்றாராம். அன்றைக்கு அக்கா அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பிடி! ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாசிக்க அகராதியோடு பதினொரு நாள் இருந்திருக்கிறார். நான்காம் வருடம் அந்தப் பாடத்திலேயே சிறப்புப் பட்டம் செய்யவும் அனுமதி கிடைத்தது.

சிறப்புப் பட்டம் என்றால் கடைசி வருடம் ஒரு ஆய்வு எழுத வேண்டும். ஆய்வு தேறாவிட்டால் பட்டம் இல்லை. அது 2004ஆம் ஆண்டு. ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி கடைசி நாள். தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உழைக்கின்றன, அதில் எவ்வளவு சம்பளத்துக்குள் வருகிறது, எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அக்காவின் திட்டம். முப்பத்தெட்டுக் கேள்விகள். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி.

பாறூக் சேர் ஒன்று மட்டும் சொன்னார். "சொந்தத் தோட்டம் வேணாம் விஜயகலா. பக்கத்துத் தோட்டத்தில செய்ங்க."

"என் ஆளுங்க சேர். மத்தவங்க கிட்ட மறைப்பாங்க. என்கிட்ட மறைக்க மாட்டாங்க" என்றார் அக்கா.

"சரி. ஆனா உங்கட சொந்த வீட்ட மட்டும் விட்டிருங்க."

ஓகஸ்ட் விடுமுறையில் அறுபது போட்டோ கொப்பியோடு அக்கா வந்து இறங்கினார். நேரே தலைவரிடம்தான் போனார், அதுதான் முறை. "ஞாயித்துக்கெழம எல்லாரையும் பாத்துப் பேசணும் தலைவரே. கொஞ்சம் சொல்லி வைங்க. கெம்பஸ் வேல. இது சரியா வந்தாத்தான் எனக்குப் பட்டம்" என்றார்.

"பட்டத்துக்கா? கவலய விடு. நான் பாத்துக்கிறேன்" என்றார் பழனியாண்டி.

அவர் பார்த்துக்கொண்டார். அதுதான் பிரச்சினையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பிள்ளை மடுவத்துக்குப் போனார். அம்மாமார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. ஞாயிறென்றால் காலியாக இருக்கும். பத்துப் பேர் வந்தால் பெரிய விடயம் என்று நினைத்துக்கொண்டு போனவர், வாசலில் நின்றுவிட்டார். வரிசை! மடுவத்து வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் வரிசை. எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். பெண்கள் தீபாவளிச் சேலையில். ஆண்கள் எண்ணெய் வைத்து வகிடு எடுத்து. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்கட் டின், இல்லாவிட்டால் முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பேக். உள்ளே பிறப்புச் சான்றிதழ், கல்யாணத் துண்டு, பழைய கூப்பன் புத்தகம், யாருக்கும் உதவாமல் போன இந்தியப் பாஸ்போர்ட்.

"இதெல்லாம் வேணாங்க, சும்மா பேசினாப் போதும்" என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

வரிசையில் முதலாவதாக நின்ற அழகம்மா, அறுபது தாண்டியவர், ஓய்வு வாங்கியும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறவர், டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேணாம்னுதான் மொதல்ல சொல்லுவாங்க. அப்புறம் கேப்பாங்க. நீ எழுது தாயி."

அக்கா சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எவ்வளவு வேகம்! கேள்வி முடியும் முன் பதில் வருகிறது. ஒருவரும் திணறவில்லை, ஒருவரும் யோசிக்கவில்லை. கொண்டுபோன அறுபதும் முடிந்துவிட்டது. கீழ் டிவிசனிலிருந்து வேறு ஆட்கள் ஆற்றைக் கடந்து வந்துவிட்டார்கள். மிச்சம் பதினொரு வீட்டைக் கொப்பித் தாளில் கோடு கீறி எழுதினார். மொத்தம் எழுபத்தொரு வீடு, ஒரே நாளில்! அந்தச் சந்தோசத்தில், பதில்கள் என்ன என்று கவனிக்கவே இல்லை.

கவனித்தது ஸைனம்பு. மாவனல்லைப் பிள்ளை, விடுதியில் அக்காவின் அறைத் தோழி. திரும்பிப் போன மறுநாள் மத்தியானம் இருவரும் கட்டிலில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஸைனம்பு வாசிக்க, அக்கா கோடு போட வேண்டும்.

"எழும்புற நேரம். ஆறு மணி. ஆறு மணி. ஆறு. ஆறு. ஆறு." ஸைனம்பு தாளைக் கீழே வைத்தாள். "இதென்ன புள்ள, ஒங்கட தோட்டத்துக்கே ஒரு அலாரமா?"

"அடுத்தது வாசி."

"வேல எட்டு மணித்தியாலம். எட்டு. எட்டு. சாப்பாடு மூணு வேள. நோய் இல்ல. கடன் இல்ல. கஷ்டம் இல்ல." பத்துத் தாளை ஒரேயடியாகப் புரட்டினாள். "கடன் இல்ல, நோய் இல்ல, கஷ்டம் இல்ல. எனக்கும் ஒங்கட தோட்டத்தில ஒரு மாப்புள பாருடி!"

அக்கா சிரிக்கவில்லை. தாள்களைப் பிடுங்கித் தானே பார்த்தார். எழுபத்தொரு வீட்டிலும் முப்பத்தெட்டுக் கேள்விக்கும் ஒரே பதில். இடுப்பு பிடித்து மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் வீட்டிலும் நோய் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் ஆறரைக்கே ஆள் எடுக்கிற தோட்டத்தில், ஆறு மணிக்கு எழும்பினால் ரொட்டி சுடுவது யார்? அக்காவின் அம்மா இருளாயி எழும்புவது நாலு மணிக்கு. இது அக்காவுக்குத் தெரியாததா? எழுதும்போது எங்கே போயிருந்தது அந்தப் புத்தி? அக்கா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்.

பாறூக் சேர் தாள்களைப் பார்த்தார். திட்டவில்லை. "இத வச்சு எழுதினா, உலகத்திலேயே சந்தோசமான தோட்டம் உங்கடதுதான்" என்றார்.

"என்கிட்ட பொய் சொல்லிட்டாங்க சேர்." அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. கடைசி நாளுக்கு இன்னும் எட்டுக் கிழமைதான். வேறு தோட்டத்தில் துரையிடம் அனுமதி வாங்கி ஆரம்பத்திலிருந்து செய்ய நேரம் போதாது. இந்த வருடம் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் பிந்தும். தம்பி உயர்தர ஏ.எல். பரீட்சை எடுக்கிற நேரம், அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் இருவரும் இருக்க முடியாது. பிந்தினால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். அது சேருக்கும் தெரியும்.

"எழுபத்தொரு பேர் தனித்தனியா பொய் சொன்னா எழுபத்தொரு விதமா இருக்கும்" என்றார் சேர். "எல்லாரும் ஒண்ணாச் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். போய்க் கேட்டிட்டு வாங்க. அழுறதெண்டா பஸ்ஸில அழுங்க, தூரம் இருக்குதானே."

அக்கா பஸ்ஸில் அழவில்லையாம். பலாங்கொடை வரைக்கும் கோபமாக இருந்தாராம். றக்வானை மலையில் பஸ் சுற்றிச் சுற்றி ஏறியதில் கோபமும் போய் வாந்தி மட்டும் மிஞ்சியதாம்.

வீட்டுக்குள் பையை வைக்கும் முன்னே அம்மாவிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் இருளாயி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "சனிக்கெழம பொழுது சாய கோயில்ல எல்லாரையும் உக்கார வச்சு தலைவரு சொல்லிக் குடுத்தாரு. மூணு தடவ திருப்பிச் சொல்ல வச்சாரு. பழனியப்பன் வேல எட்டு மணித்தியாலத்துக்கு பதிலா ஒம்பதுன்னுட்டான். அவன மட்டும் எழுப்பி நிக்க வச்சாரு."

"நீ என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உனக்குப் பட்டம் குடுக்கிற காரியம்னாங்க. நான் போயி கெடுக்கவா?"

அக்கா தலைவர் வீட்டுக்கு ஓடினார். பழனியாண்டி வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"என்னா புள்ள, பாஸா? ஒருத்தன் பிசகல பாத்தியா!"

"தலைவரே, எல்லாமே ஒரே பதில். எனக்கு இது உதவாது."

தலைவருக்கு விளங்கவில்லை. "ஒரே பதில் இருந்தாத்தானே சரி? ஒருத்தன் ஒண்ணும் இன்னொருத்தன் ஒண்ணும் சொன்னா ஒனக்கு மார்க்ஸ் வெட்ட மாட்டாங்களா?"

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை! எழுபத்தொரு குடும்பமும் அக்காவின் பரீட்சைக்குப் படித்திருக்கிறது. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பாடமாக்கி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்து எழுதியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாராம். எனக்கு இதைக் கேட்டபோதும் அதே நிலைமைதான், மறைக்கவில்லை.

"சரி தலைவரே. ஆனா ஏன் கஷ்டம் இல்லன்னு சொல்லச் சொன்னீங்க? கஷ்டம் இருக்குதானே?"

பழனியாண்டி கத்தியைக் கீழே வைத்தார். "எனக்குப் பதினேழு வயசு. பிரஜாவுரிமை இல்லாதவங்கள இந்தியாவுக்கு அனுப்புற காலம். நெரப்புற போம் எடுத்துக்கிட்டு ஒரு அரசாங்க மாத்தியா வந்தாரு. எங்க அப்பா, 'கஷ்டமாத்தான் இருக்கு ஐயா'ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. பக்கத்து வீட்டு மாமா, 'நல்லா இருக்கோம்'ன்னாரு. ஆறு மாசத்துல எங்க அண்ணன் குடும்பம் இந்தியக் கப்பலுக்குப் போற தலைமன்னார் ரயில்ல. மாமா குடும்பம் இங்கதான் இருக்கு. அந்த ஒரு வார்த்தையாலதானான்னு எனக்குத் தெரியாது புள்ள. ஆனா அதுக்கப்புறம் போம் கொண்டு வந்த எவன்கிட்டயும் இந்த டிவிசன்ல யாரும் கஷ்டம்னு சொன்னதில்ல. போன வருசம் புதுச் சட்டம் வந்து பிரஜாவுரிமைக்கு போம் நெரப்பினோம் பாரு, அப்பவும் இதே பதில்தான். எல்லாருக்கும் கெடச்சிச்சு. அப்ப சரியான பதிலத்தானே ஒனக்குக் குடுத்திருக்கேன்?"

அக்காவுக்கு அந்தப் படியில் வைத்தே விளங்கிவிட்டது. தான் தேடி வந்தது கையில்தான் இருக்கிறது. நாலு வருடமாகப் படித்த பாடம் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றிருக்கிறது; அவர்தான் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பிரஜாவுரிமை இல்லாத ஆள் வெளியே நிலம் வாங்க முடியாது. அரசாங்க வேலைக்குப் போக முடியாது. வாக்கும் இல்லை. தோட்டத்தை விட்டால் அவருக்குப் போக இடமில்லை, போக இடமில்லாத ஆளுக்குக் கூலி கூட்டிக் கொடுக்க யாருக்கும் அவசியமில்லை. ஒரு போம் மலையில் ஒரு நாள் கூலியைத் தீர்மானிக்கிறது! அந்தப் போமுக்குப் பயந்து எட்டு மணித்தியாலம், ஆறு மணி, கஷ்டம் இல்லை.

மறுநாளிலிருந்து அக்கா முப்பத்தெட்டுக் கேள்வியையும் தூக்கி வைத்துவிட்டார். ஒரே கேள்விதான். "நீங்க நெரப்பின மொத போம் எது?" பேனாவைக் கூட முதலில் வெளியே எடுக்கவில்லை. பின்னேரம் நிறுவை முடிந்து வருகிறவர்களோடு நடந்துகொண்டே கேட்டார். அப்போதுதான் அந்த டின்கள் எல்லாம் திறந்தன. அழகம்மாவின் டின்னில் பெயரைப் பிழையாக எழுதிய ஒரு துண்டும், அதைத் திருத்த இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரிக்குப் போன பதினாலு பஸ் டிக்கட்டும் இருந்தன. பழனியப்பன் வீட்டில், இந்தியாவுக்குப் போக முடிவாகி, பெட்டி கட்டி, கோழி எல்லாம் விற்று, கப்பல் நின்றுபோனதால் அங்கேயே இருந்துவிட்ட கதை. அவர் அதைச் சொல்லும்போது, கோழியை வாங்கினவர் திருப்பித் தரவில்லை என்பதில்தான் இன்னும் கோபம். நாலு மணிக்கு எழும்புவதும், கடையில் கடனும், இடுப்பு வலியும் கேட்காமலே வந்து விழுந்தன. இருபத்துமூன்று பேரின் கதை. எழுபத்தொரு பழைய தாளையும் அக்கா எறியவில்லை, அப்படியே பின்னிணைப்பாக வைத்தார்.

ஒக்டோபர் இருபத்தொன்பதாம் திகதி ஆய்வைக் கொடுத்தார். நவம்பர் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து ஒரு மெடம் வந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"இந்த எழுபத்தொன்றும் பொய்த் தரவு. நீங்களே முன்னுரையில் சொல்கிறீர்கள். பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

பாறூக் சேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதவப் போவதில்லை.

"பொய்தான் மெடம்" என்றார் அக்கா. "ஆனா அது சும்மா வந்த பொய் இல்ல. நாப்பது வருசமா ஒரு தோட்டமே சேர்ந்து செஞ்சு வச்சிருக்கிறது. கொழுந்து எத்தன கிலோன்னு தோட்டம் எழுதி வச்சிருக்கு. இத எங்கயும் எழுதல. நான் இத எடுத்து வீசிட்டா, வாசிக்கிறவங்களுக்கு எங்க ஆளுங்க வாழ்க்கையில கஷ்டம் இருக்குன்னு மட்டும்தான் தெரியும். அதச் சொல்ல முடியாம இருந்ததுதான் மெடம் பெரிய கஷ்டம்."

மெடம் பின்னிணைப்பை மூடி வைத்தார். பிறகு, "எல்லோரும் ஆறு மணி என்று சொன்னபோது உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல மெடம். வேகமா முடியுதேன்னு சந்தோசமா இருந்திச்சு."

அந்த அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மெடமும்தான். அடுத்த வருடம் பெறுபேறு வந்தது. இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு. ஸைனம்பு தபாற்கந்தோர் வரைக்கும் ஓடிப்போய் றக்வானைக் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னாள். கடைக்காரர் மலைக்கு வரும் பஸ்ஸில் சொல்லி அனுப்பினார். பஸ் தோட்டத்துக்கு வந்து சேரும்போது கண்டக்டர் ஒவ்வொரு வளைவிலும் சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தாராம்.

அக்கா இரண்டு பிரதி கட்டியிருந்தார். ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு. மற்றதோடு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மடுவத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஆய்வுத் தமிழில் எழுதியதை எங்கள் பேச்சில் மாற்றி மாற்றிச் சொன்னார். பட்டம் கிடைத்துவிட்டது, இனி யார் என்ன சொன்னாலும் மார்க்ஸ் வெட்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், மடுவம் முழுக்க ஒரே சத்தம்.

"கப்பல் நின்னது அந்த மாசம் இல்ல!"

"என் கோழி ஒம்பது. ஏழுன்னு எழுதியிருக்க!"

கடைசி அத்தியாயத்தில், கூலி ஏறாமல் வைத்திருந்தது கம்பனியும் அரசாங்கமும் என்று அக்கா வாசித்தார். அழகம்மா பின்னாலிருந்து எழுந்து நின்றார். டின் இல்லாமல் வெறுங்கையோடு.

"எல்லாம் சரி தாயி. அதுல சங்கத்த எங்க காணோம்?"

பழனியாண்டி முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாசா மாசம் சந்தா வெட்டினாங்க. போம் வந்தா 'கஷ்டம்னு சொல்லாத'ன்னாங்க. கஷ்டம்னு யாருமே சொல்லாட்டி சம்பளம் எப்புடி ஏறும்? கம்பனிக்காரன் கேட்டா, இவங்கதான் நல்லா இருக்காங்களேன்னு அதே போமக் காட்ட மாட்டானா?"

நாலு வருடப் படிப்பு, நூற்றுப் பதினெட்டுப் பக்கம், பேராதனையில் இத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை!

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பழனியாண்டி மீசையைத் தடவினார், தொண்டையைச் செருமினார், சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"அந்தம்மா கேக்குறது ஞாயந்தான்" என்றார். "எழுதிக்க புள்ள."

"பைண்ட் பண்ணியாச்சே தலைவரே."

"கடைசில ஒரு பக்கம் வெறுமனே கெடக்கே, எனக்குக் கண்ணு தெரியாதா? அதுல எழுது. ஆனா ஒண்ணு, நான் செஞ்சத எழுதுனா அண்ணன் ரயிலேறினதையும் பக்கத்துலயே எழுதணும்."

"எழுதுறேன் தலைவரே."

"அழகம்மா சொன்னான்னும் போடு" என்றார் அழகம்மா. "சும்மா 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டு வைக்காத."

அக்கா குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுத எழுத ஆளுக்கொரு பக்கம் திருத்தம் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் மூன்று வரி வெட்டியிருக்கிறது, ஓரத்தில் தேத்தண்ணீர்க் கறை இருக்கிறது. பேராதனை நூலகத்துப் பிரதியில் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. கருங்கல்மலைப் பிரதியை வாசிக்க வேண்டுமென்றால் மேல் டிவிசனுக்குத்தான் வர வேண்டும்.